மூலிகையும் வாய்மையும்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

“இம்மூலிகை புற்றுநோயைக் கொல்லும்” என்னும் கூற்று இந்நாட்டிற் பலராலும் பல இடங்களிலும் கூறப்பட்டு வருகின்றது. அதனைக் கூறுவோருட் பெரும்பாலோர் தீய நோக்கம் உடையவர் அல்லர். துன்புறும் ஒருவரைக் கண்டு மனமிரங்கி, தாம் கேட்டதையோ படித்ததையோ எடுத்துரைப்பவரே அவர்கள். ஆயினும் அக்கூற்றைக் கேட்டவர் அதனை நம்பிச் செயற்படத் தொடங்குகின்றார். உட்கொண்டு வந்த மருந்தை விடுகின்றார், அல்லது குறித்த நாளில் வைத்தியசாலைக்குச் செல்லாது விடுகின்றார். இதனால் அக்கூற்று ஒரு செய்தி என்ற அளவில் நில்லாது ஒரு செயலாகவும் ஆகிவிடுகின்றது. அது மெய்யா என ஆராய்வது விஞ்ஞானத்தின் பணி. அதனை எவர், எவரிடம், எவ்வாறு கூறலாம் என ஆராய்வது ஒழுக்கவியலின் பணி. இப்பின்னைய வினாவிற்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பு வாழ் மக்களுக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. கிருலப்பனையினூடாகச் செல்லும் ஹைலெவல் வீதி நுகேகொடையைக் கடந்து மகரகமையை அடைகின்றது. நாட்டின் தலையாய புற்றுநோய் வைத்தியசாலை அங்குள்ளது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் தமிழ் நோயாளரிற் சிலர் வெள்ளவத்தையிலோ கிருலப்பனையிலோ உறவினர் வீட்டில் தங்கி, 138ஆம் இலக்க பஸ் வண்டியில் அவ்விடம் செல்வர். அவ்வைத்தியசாலைக்கு இன்று வழங்கும் பெயர் ‘அபேக்ஷா’ என்பதாகும். எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்பன அச்சொல்லின் பொருள்கள். அவ்வழிச் செல்பவரின் செவியில் இரு குரல்கள் ஒலிக்கின்றன. ஒன்று, ஊசி மருந்தைக் குறித்த காலம்வரை ஏற்றவேண்டும் என்னும் வைத்தியரின் குரல். மற்றையது, “அந்த மருந்து உடம்பை உருக்கிப்போடும், இந்த இலையை அவித்துக் குடித்தாற் போதும், பல்கலைக்கழகத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்” என்னும் அன்பான உறவினரின் குரல். இவ்விரண்டாவது குரலே ஈண்டு ஆராயத்தக்கது.

பட்டிப்பூவின் வரலாறு

அக்குரலை முற்றாகப் புறந்தள்ளிவிட இயலாது. அதில் ஓர் உண்மை உண்டு. ஊசி மருந்து ஒரு புறமும் இலை மறு புறமும் நிற்பதாகக் கருதுவதே பிழையானது. குருதிப் புற்றுநோயுற்ற சிறுவருக்கு உலகெங்கும் ஏற்றப்படும் வின்கிறிஸ்ரின் என்னும் ஊசி மருந்து, இலங்கையின் வீட்டு முற்றங்களிலும் மயானங்களிலும் பூத்து நிற்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து பெறப்படுவதாகும். நித்தியகல்யாணி எனவும் இச்செடி வழங்கும். மயானங்களிற் காணப்படுவதால் தமிழர் சிலர் அதனைச் சுடுகாட்டு மல்லி என்பர். சிங்கள மக்கள் ‘மினிமல்’, அதாவது பிணப்பூ, என்பர். மடகஸ்காரைத் தாயகமாகக் கொண்ட இச்செடி வெப்பவலய நாடுகள் பலவற்றிலும் பரவி, அங்கெல்லாம் நாட்டு வைத்தியத்தில் இடம்பெற்றது.

1952ஆம் ஆண்டு ஜமெய்க்காவிலிருந்து இச்செடியின் இலைகள் சில கனடாவிற்கு அனுப்பப்பட்டன. அவை நீரிழிவுக்கு மருந்தாகும் என்று அம்மக்கள் நம்பினர். மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் ரொபேட் நோபிள் அதனைப் பரிசோதித்தபோது குருதியிலுள்ள வெல்லத்தின் அளவு குறையக் காணவில்லை. ஆனால் இலைச்சாறு ஏற்றப்பட்ட எலிகளின் குருதியில் வெண்குழியங்கள் பெரிதும் குறைந்திருந்தன. அவற்றின் என்பு மச்சையும் பாதிக்கப்பட்டிருந்தது. இதன் காரணத்தைத் தேடிய நோபிளும் சாள்ஸ் பியரும் வின்பிளாஸ்ரின் என்னும் அல்கலோயிட்டைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தனர். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தாரும் இச்செடியை ஆராய்ந்து வின்கிறிஸ்ரினைக் கண்டறிந்தனர். 1960களின் முற்பகுதியில் இரண்டும் மருந்துகளாகப் பயன்பாட்டுக்கு வந்தன.

கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இரு பக்கங்களுக்கும் இழுத்துச் செல்லும் கதிர்நார்கள் தியூபுலின் என்னும் புரதத்தால் ஆனவை. இச்சேர்வைகள் அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு கதிர் உருவாகாது தடுக்கின்றன. பிரியத் தொடங்கிய கலம் பிரிந்து முடியாமல் இறக்கின்றது. 1950களிற் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுட் பெரும்பாலோர் சில மாதங்களில் இறந்தனர். இன்று செல்வ நாடுகளில், அந்நோயின் பெரும்பான்மை வகையினால் தாக்கப்பட்ட குழந்தைகளிற் பத்தில் ஒன்பது பேர் வரை உயிர் தப்புகின்றனர். இம்மாற்றம் வின்கிறிஸ்ரினால் மட்டும் நிகழ்ந்தது அன்று. வேறு மருந்துகளோடு சேர்ந்தே அது பயன் தந்தது. எனினும் சுடுகாட்டுப் பூவுக்கு அதிற் பங்குண்டு என்பது மறுக்கப்படாத உண்மையாகும்.

இவ்வரலாற்றிலிருந்து உறவினர் பெறும் முடிவு யாது? “பட்டிப்பூ புற்றுநோயைக் கொல்லும், ஆகவே அதனை அவித்துக் குடிக்கலாம்” என்பதே. ஆனால் இம்மருந்துகளில் ஒரு கிராமைப் பெறுவதற்குப் பல நூறு கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். இலையை அவித்துக் குடிப்பவர் மருந்தின் அளவைப் பெறுவதில்லை; இலையிலுள்ள ஏனைய நச்சுப் பொருள்களின் பங்கை மாத்திரம் பெறக்கூடும். தூய மருந்தேகூட அளவு மிகுந்தால் நரம்புகளைத் தாக்குவது. குருதிக் குழாயில் ஏற்றவேண்டிய அதனைத் தவறி முண்ணாணைச் சூழ்ந்த பாய்பொருளில் ஏற்றினால் உயிரையே போக்குவது. முன்னையோர் கூறிய நீரிழிவுப் பயன் ஆய்விற் புலப்படவில்லை. அவர் கூறாத பயனொன்று புலப்பட்டது. மரபுரை வழிகாட்டியது, ஆயினும் அது காட்டிய இடத்துக்கு அப்பால் நடந்து சென்றே மருந்து காணப்பட்டது.

மூவகை அளவை

அறிவைப் பெறும் வாயில்களைத் தமிழ் மெய்யியல் மரபு நெடுங்காலம் ஆராய்ந்துள்ளது. சைவசித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என அளவைகளை மூன்றாகக் கொள்வர். பிறர் கூறும் ஏனைய அளவைகளும் இம்மூன்றனுள் அடங்கும் என்பது சிவஞானசித்தியாரின் கொள்கை. நேரே கண்டறிவது காட்சி. புகையைக் கண்டு நெருப்பு உண்டென அறிவது கருதல். நம்பத்தக்கோர் வாக்கால் அறிவது உரை. சித்தாந்திகள் உரை என்றது சிறப்பாக ஆகமத்தையே. எனினும் உலகியலில் மூத்தோர் சொல்லையும் இவ்வகையுள் அடக்கிக் காணலாம். காட்சியிலும் ஐயம், திரிபு என்னும் குற்றங்கள் நேரும் என்று அவர்கள் எச்சரித்தமையும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இப்பகுப்பை இலங்கையில் நிகழ்ந்த ஓர் ஆய்வுக்குப் பொருத்திப் பார்க்கலாம். கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிப்பட்டை இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கு ஆகிய மூன்றையும் சேர்த்துக் காய்ச்சும் கசாயமொன்றை இந்நாட்டின் சுதேச வைத்தியப் பரம்பரையொன்று புற்றுநோயாளருக்குக் கொடுத்து வந்தது. இஃது உரை. பேராசிரியர் ஐரா தாப்ரூ முதலிய இலங்கை ஆய்வாளர் அவ்வுரையை அவமதிக்கவும் இல்லை. அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஈரற் புற்றை உண்டாக்கும் இரசாயனப் பொருளை எலிகளுக்குக் கொடுத்து, அக்கசாயம் அதன் விளைவைக் குறைக்கின்றதா என நோக்கினர். 2003இலும் 2006இலும் வெளியான அவ்வாய்வுகளின் முடிவுகள் ஊக்கந் தருவனவாக இருந்தன. 2005இல் வெளியான மற்றோர் ஆய்வு, மனித ஈரற் புற்றுக் கலங்களை அக்கசாயம் கொல்லும் ஆற்றலுடையது எனக் காட்டியது. பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள் அக்கலங்கள் எவ்வழியால் இறக்கின்றன என்பதையும் விளக்க முற்பட்டன.

இவை யாவும் போற்றத்தக்க முயற்சிகள். ஆயின் இவை தருவது எவ்வகை அறிவு? கண்ணாடித் தட்டிலுள்ள கலம் இறந்தது என்பது ஆய்வாளருக்குக் காட்சி. அதிலிருந்து நோயாளி பிழைப்பார் என்பது கருதல். அக்கருதலும் புகைக்கும் நெருப்புக்கும் உள்ள நீங்காத் தொடர்பின்மேல் எழுந்தது அன்று. கலம் இறந்த இடங்களுட் பெரும்பாலானவற்றில் நோயாளி பிழைத்ததில்லை என்பதே இதுவரை உலகம் பெற்ற அனுபவம். “பல்கலைக்கழகத்திற் கண்டுபிடித்துவிட்டார்கள்” என்று உறவினர் கூறும்போது, ஆய்வாளரின் கருதல் அவர் வாயிற் காட்சியாக உருமாறுகின்றது. கேட்ட நோயாளிக்கோ அஃது உரையாகிவிடுகின்றது. ஒவ்வொரு படியிலும் ஐயம் சிறிது சிறிதாக உதிர்ந்து, இறுதியில் உறுதி மட்டுமே எஞ்சுகின்றது. எவரும் பொய் கூறாமலே பொய்யொன்று பிறந்துவிடுவதே இதன் விந்தை.

கலமும் உடலும்

கலத்திற்கும் உடலுக்கும் இடையே உள்ள தூரம் எத்தகையது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். கண்ணாடித் தட்டிலே கலத்தின்மேல் மருந்து நேரே வார்க்கப்படுகின்றது. உடலிலோ அது குடலைக் கடந்து, ஈரலின் மாற்றங்களுக்கு உட்பட்டு, குருதியிற் கலந்து ஐதாகி, கட்டியைச் சென்றடைதல் வேண்டும். அங்குச் சென்றபின் நோயுற்ற கலத்தைக் கொன்று நோயற்ற கலத்தை விடுதலும் வேண்டும். உப்பும் சவர்க்காரமுங்கூடப் போதிய செறிவிற் கலத்தைக் கொல்லும். கொல்லுதல் எளிது; தெரிந்து கொல்லுதலே அரிது.

மஞ்சள் இதற்குத் தக்க சான்றாகும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் கண்ணாடித் தட்டிற் பலவகைப் புற்றுக் கலங்களைத் தாக்குவதாக ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வெளிவந்துள்ளன. ஆனால் அச்சேர்வை உடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகின்றது. விரைவிற் சிதைந்தும் விடுகின்றது. 2017இல் மருந்து இரசாயன அறிஞர் சிலர் அதுவரை நடந்தவற்றைத் தொகுத்து ஆராய்ந்து, மனிதரில் நடந்த கட்டுப்பாடான பரிசோதனை எதிலும் அது வெற்றிபெற்றதாகக் காட்டப்படவில்லை என்று எழுதினர். கறிக்கு மஞ்சள் இடுவதை எவரும் நிறுத்த வேண்டியதில்லை. மஞ்சளை நம்பி மருந்தை நிறுத்துவதே ஆபத்தாகும்.

சிங்களத்திற் ‘கட்டு அனோதா’ எனப்படும் முள்ளுச்சீத்தாவின் கதை இன்னொரு பாடத்தைத் தருகின்றது. அதன் பழத்தையும் இலையையும் புற்றுநோய்க்கு மருந்தெனத் தேடி வாங்குவோர் இந்நாட்டில் உளர். அதிலுள்ள அசிற்றோசெனின் என்னும் சேர்வைகள் கலத்தின் சத்தி பெறும் வழியை அடைத்து அதனைக் கொல்வதாக ஆய்வுகூடங்களிற் கண்டனர். அதே சேர்வைகள் நரம்புக் கலங்களையும் கொல்லவல்லன. கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில், இப்பழத்தையும் இலைக் கசாயத்தையும் மிகுதியாக உட்கொள்வதற்கும் பார்க்கின்சன் நோயை ஒத்த ஒரு நரம்பு நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என 1999இல் அறிவிக்கப்பட்டது. இதுவும் கருதலே, காரண காரியத் தொடர்பு ஐயமற நிறுவப்பட்டதென்று கொள்ளலாகாது. நன்மைக்குக் கேட்கும் சான்றையே தீமைக்கும் கேட்பதுதான் நேர்மை. ஆயினும் இச்செய்தி “இலைதானே, என்ன செய்துவிடும்?” என்னும் அலட்சியத்தைப் போக்கப் போதுமானதாகும்.

நம்பும் உரிமையும் நம்பவைக்கும் உரிமையும்

ஆங்கிலேய அறிஞர் கிளிபர்ட் 1877இல் நம்பிக்கையின் ஒழுக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பற் சொந்தக்காரரை அவர் கற்பித்துக் கூறுகின்றார். தம் கப்பல் பழுதானது என்னும் ஐயம் அவருக்கு எழுகின்றது. கப்பல் பலமுறை சென்று மீண்டதை எண்ணியும் கடவுள் காப்பார் எனக் கருதியும் அவ்வையத்தை அடக்கிக்கொண்டு பயணிகளை ஏற்றி அனுப்புகின்றார். கப்பல் மூழ்குகின்றது. அவர் மனமார நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது. அவ்வாறு நம்புவதற்கு அவருக்கு உரிமை இருக்கவில்லை என்பது கிளிபர்டின் தீர்ப்பு. கப்பல் மூழ்காது மீண்டிருப்பினும் அவர் குற்றவாளியே என்றும் அவர் கூறுகின்றார். மூலிகையை உறுதியாகப் பரிந்துரைக்கும் உறவினரும் ஒருவகையில் இக்கப்பற் சொந்தக்காரர் போன்றவரே. அவருடைய அன்பு மெய்யானது. ஆனால் பயணம் போகின்றவர் வேறொருவர்.

அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் இதற்கு மறுமொழி கூறினார். சான்றுகளால் தீர்மானிக்க இயலாததும், தவிர்க்க முடியாததும், வாழ்வின் பெரும் பொருளைத் தொடுவதுமான தேர்வில், மனம் சாயும் பக்கத்தை நம்ப மனிதனுக்கு உரிமை உண்டு என்பது அவர் வாதம். மரணப் படுக்கையிலுள்ளவர் ஒரு மூலிகையை நம்புவதற்கு இவ்வாதம் இடமளிக்கக் கூடும். எனினும் இங்கு இரண்டு தடைகள் உள. முதலாவது, மூலிகை ஒன்றின் பயன் சான்றுகளால் தீர்மானிக்க இயலாத பொருள் அன்று. காலமும் பொருளும் செலவிட்டால் தீர்மானிக்கக் கூடியதே. இரண்டாவது, ஜேம்ஸ் வழங்கும் உரிமை தன் உயிரைப் பணயம் வைப்பவனுக்கே உரியது. தான் நம்பும் உரிமை பிறரை நம்பவைக்கும் உரிமையாக விரிவடையாது. இவ்வேறுபாட்டை மறப்பதிலேயே பெருந்தவறுகள் பிறக்கின்றன.

கருணைப் பொய்

“உண்மையைக் கூறி நோயாளியின் மனத்தை உடைப்பதிலும், பொய்யேயாயினும் நம்பிக்கை ஊட்டுவது மேலன்றோ?” என்று வினவலாம். தமிழ்க் குடும்பங்களில் நோயின் பெயரையே நோயாளியிடமிருந்து மறைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. இமானுவேல் கான்ற் என்பார் 1797இல் எழுதிய கட்டுரையொன்றில், உயிர் காக்கும் பொருட்டும் பொய் கூறலாகாது என்ற கடுமையான நிலையை மேற்கொண்டார். இதனைப் பலரால் ஏற்க இயலாது. வள்ளுவர் வாய்மையை விளக்கும்போது சொல்லால் விளையும் பயனை நோக்குகின்றார். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது அவர் கருத்து. கருணைப் பொய்க்கு ஆதரவாகப் பலரும் இதனையே எடுத்தாள்வர்.

ஆயின் வள்ளுவர் விதித்த நிபந்தனையை அவர்கள் விரைந்து கடந்துவிடுகின்றனர். நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும். 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, குணப்படுத்தத்தக்க நிலையிலிருந்தும் வழமையான சிகிச்சையை விட்டு மாற்று முறைகளை மட்டும் தெரிந்தெடுத்த 281 நோயாளரை, வழமையான சிகிச்சை பெற்ற அவர்களை ஒத்த நோயாளருடன் ஒப்பிட்டது. முன்னையோர் இறக்கும் அபாயம் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது; மார்புப் புற்றுநோயுற்றவரிடத்து அஃது ஐந்து மடங்கையும் கடந்தது. இத்தகைய விளைவு உள்ள இடத்தில் ஊட்டப்படும் பொய்யான நம்பிக்கையைக் குற்றமற்ற நன்மை எனல் பொருந்தாது. வள்ளுவரின் அளவுகோலால் அளந்தாலும் அது பொய்யாகவே நிற்கும். கான்ற்றின் கடுமையும் வள்ளுவரின் நெகிழ்ச்சியும் இவ்விடயத்தில் ஒரே முடிவிற்கு வருதல் கவனிக்கத்தக்கது.

இரு மறுப்புகள்

இவ்வாதத்திற்கு எதிராக இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, சுதேச வைத்தியத்தை மேனாட்டுப் பரிசோதனையால் அளப்பது அந்நிய ஆட்சியின் எச்சமான மனப்பான்மை என்பது. இம்மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் சித்த, ஆயுர்வேத வைத்தியங்கள் ஆராயப்படாமலே இகழப்பட்டன. பட்டிப்பூவின் தாயகமான மடகஸ்காரின் மக்கள் அதனால் விளைந்த பெருவருவாயிற் பங்கு பெறவும் இல்லை. ஆனால் ஆராயாது இகழ்வதும் ஆராயாது புகழ்வதும் ஒரே தவறின் இரு வடிவங்களே. இரண்டும் மூலிகையின் உண்மையை அறியும் ஆர்வமற்றவை. ஒரு பரம்பரையின் கசாயத்தை எடுத்து ஆண்டுக்கணக்கிற் சோதித்த இலங்கை ஆய்வாளர், அதனைச் சோதிக்காமலே பாராட்டியவர்களிலும் பார்க்க அப்பரம்பரையை மதித்தவராவர். நோய், நோயின் காரணம், அது தணியும் வழி ஆகியவற்றை முறையாக ஆராய்ந்தே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பதும் வள்ளுவர் கருத்தே. எனவே ஆராய்ச்சி அந்நியர் தந்த பொருள் அன்று.

இரண்டாவது மறுப்பு, “வைத்தியர் கைவிட்டவருக்கு இழப்பதற்கு என்ன இருக்கின்றது?” என்பது. இதற்கு விடையாக அமெரிக்காவில் லேற்றிறில் என்னும் பொருளுக்கு நேர்ந்ததைக் கூறலாம். அப்பிரிக்கோட் விதைப் பருப்பிலுள்ள ஒரு சேர்வையைத் தழுவி ஆக்கப்பட்ட அப்பொருளை 1970களிற் பல்லாயிரம் நோயாளர் நாடினர். மக்களின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பல மாநிலங்கள் அதனைச் சட்டபூர்வமாக்கின. இறுதியில் 178 நோயாளரில் முறையான பரிசோதனை நடத்தப்பட்டு 1982இல் முடிவு வெளியாயிற்று. எவருக்கும் குறிப்பிடத்தக்க பயன் கிட்டவில்லை. சிலருடைய குருதியிற் சயனைட்டு ஆபத்தான அளவை நெருங்கியிருந்தது. மரணத்தை எதிர்நோக்குபவருக்கும் இழப்பதற்கு உண்டு: எஞ்சிய நாட்களின் அமைதி, குடும்பத்தின் சேமிப்பு, வலியின்றி இருக்கும் வாய்ப்பு, பிள்ளைகளிடம் மெய்யாக விடைபெறும் நேரம் ஆகியன அவை. மரணம் அணுகுந்தோறும் இவற்றின் விலை கூடுகின்றதேயன்றிக் குறைவதில்லை.

கூறத்தக்கது யாது?

மௌனம் சாதிப்பதே நன்றென்பது இதன் பொருளாகாது. மருத்துவத்திற்கு நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என நான்கு உறுப்புகளை வள்ளுவர் வகுத்தார். நான்காம் உறுப்பினராகிய உறவினருக்கும் அதில் இடமுண்டு. ஆகவே பொறுப்பும் உண்டு. ஆய்வாளர் தம் முடிவு கலத்திற் கண்டதா, எலியிற் கண்டதா, மனிதரிற் கண்டதா என்பதைத் தலைப்பிலேயே கூறுதல் வேண்டும். பத்திரிகையாளர் அச்சொல்லை விட்டுவிடாது அச்சிடுதல் வேண்டும். வைத்தியர் மூலிகை பற்றி வினவும் நோயாளியை ஏளனம் செய்யாது, அவர் உட்கொள்வது யாது எனக் கேட்டறிந்து, அதன் நன்மை தீமைகளை அவர் மொழியிலேயே விளக்குதல் வேண்டும். ஏளனத்துக்கு அஞ்சும் நோயாளி கசாயத்தை மறைத்துக் குடிப்பார். மறைத்தவற்றின் விளைவை எவராலும் தடுக்க இயலாது. தமிழில் விளக்கம் பெறாத நோயாளி, தமிழில் விளக்கம் தருபவரை, அவர் எவராயினும், நம்புவார் என்பதும் மகரகமைக்குச் செல்லும் தமிழரைப் பொறுத்தவரை மறக்கத்தகாத உண்மையாகும்.

உறவினர் கூறத்தக்கதும் ஒன்றுண்டு. “இம்மூலிகையைப் பற்றி ஆராய்கின்றார்கள்; பயன் உண்டா என்பது இன்னும் தெரியவில்லை; வைத்தியரிடம் கேட்போம்; ஊசி மருந்துக்கு நானும் கூட வருகின்றேன்” என்பதே அது. இக்கூற்றில் நம்பிக்கை உண்டு, பொய் இல்லை. ஆய்வாளரின் கருதல் இதிற் கருதலாகவே நிற்கின்றது.

மேற்கூறிய ஈரற் புற்று ஆய்வுகளிற் பயன்படுத்தப்பட்ட கலங்கள், பதினைந்து வயதுச் சிறுவனொருவனின் ஈரற் கட்டியிலிருந்து முதலிற் பெறப்பட்டவை. அவற்றின் வழிவந்த கலங்கள் உலகின் ஆய்வுகூடங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. கண்ணாடித் தட்டிலுள்ள கலத்திற்குப் பின்னாலும் ஒரு காலத்தில் ஒரு நோயாளி இருந்தான். அதற்கு முன்னாலும் இன்று ஒரு நோயாளி காத்திருக்கின்றார். அவ்விருவருக்கும் இடைப்பட்ட தூரத்தை உள்ளவாறே கூறுவது விஞ்ஞானிக்கு மட்டும் உரிய கடமை ஆகாது. நோயாளியின் அருகில் அமர்ந்து பேசும் ஒவ்வொருவருக்கும் அது கடமையாகும்.